நரம்பு மண்டலமும் நம் கடைச் சரக்கும்

நம் சங்க இதழில் வரி, உரிமம், எடைக்கல் முத்திரை, சரக்கு நிலவரம் என்றுதான் வழக்கமாக எழுதி வருகிறோம். இம்முறை மூளையையும் நரம்பையும் பற்றி எழுதப் போகிறோம் என்றதும், மளிகைக் கடைக்காரருக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக் கூடும். (வாடிக்கையாளரில் சிலர் ஏற்கெனவே அப்படித்தான் பேசிக் கொள்கிறார்கள், அது வேறு விஷயம்.) ஆனால் உப்பு, பருப்பு, மாவு, மஞ்சள் ஆகிய இந்த நான்கு சரக்கும் மனிதனின் நரம்போடு நேராகக் கணக்கு வைத்துக் கொண்டிருப்பவை. நாம் எடை போட்டுக் கொடுப்பது சமையலறையோடு நின்று விடுவதில்லை. மூளை வரை போகிறது. எப்படிப் போகிறது என்று தெரிந்து வைத்திருப்பது நமக்கு நல்லது.

நாம் மருத்துவர் அல்ல. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மண்டியில் உட்கார்ந்தவர்கள். படித்தும், விவரம் அறிந்த மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்து கொண்டதை வியாபாரி பாஷையில் சொல்ல முயல்கிறோம்.

முதலில் ஒரு சொல் மயக்கத்தைத் தீர்த்து விடலாம். புறங்கையில் நீல நிறத்தில் புடைத்துத் தெரிவதை நாம் நரம்பு என்கிறோம். அது நரம்பல்ல, ரத்தக்குழாய். உண்மையான நரம்பு வெளியே தெரியாது. வெள்ளை நூலிழைகளைச் சேர்த்துக் கட்டிய கயிறு போலத் தசைகளுக்கு இடையே ஓடுவது அது. 'நரம்புத் தளர்ச்சி' என்று சுவரெங்கும் எழுதி வைத்து லேகியம் விற்கிறார்களே, அந்த விளம்பரங்களுக்கும் கீழே சொல்லப்போகும் நரம்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ. உடம்பின் எடையில் 50ல் ஒரு பங்குதான். ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் 5ல் ஒரு பங்கை மூளையே எடுத்துக் கொள்கிறது. கடையில் ஒரு மூலையில் நின்றுகொண்டு மின்சாரக் கட்டணத்தைத் தூக்கி விடுகிற குளிர்பதனப் பெட்டியைப் போல. அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். நினைப்பு, பேச்சு, ஞாபகம், கை கால் அசைக்கும் உத்தரவு இவையெல்லாம் பெருமூளையின் வேலை. அதன் பின்புறம் கீழே இருக்கும் சிறுமூளை, அசைவைச் சீர்படுத்துகிறது. ரங்கே கவுடர் வீதியில் 50 கிலோ சிப்பத்தைத் தலையில் வைத்துக் கொண்டு பலகை மேல் ஏறி லாரிக்குள் இறக்குகிறாரே சுமைப் பணியாளர், அவர் தடுமாறாமல் இருப்பது சிறுமூளையின் உபயம். இன்னும் கீழே முகுளம். மூச்சும் இதயத் துடிப்பும் அதன் பொறுப்பு. நாம் தூங்கினாலும் அது தூங்குவதில்லை.

முகுளத்திலிருந்து கீழே முதுகெலும்புக்குள் இறங்குவது தண்டுவடம். சுண்டுவிரல் கனம், ஒன்றரை அடி நீளம். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் பிரிந்து கை, கால், வயிறு என்று போகின்றன. மூளையிலிருந்தே நேராக 12 ஜோடி நரம்புகள் கண், காது, நாக்கு முதலிய இடங்களுக்குப் போகின்றன.

எல்லாவற்றையும் மூளையைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியில் கை பட்டால், சூடு என்று நாம் உணர்வதற்கு முன்பே கை பின்னால் வந்து விடுகிறது. சேதி தண்டுவடம் வரை போகிறது. அங்கேயே உத்தரவு பிறந்து தசைக்குத் திரும்பி விடுகிறது. மூளைக்குப் பிறகுதான் தகவல். முதலாளி சாப்பாட்டுக்குப் போயிருக்கும்போது கணக்குப்பிள்ளை சில்லறையைக் கொடுத்து அனுப்பி விட்டு, வந்தபின் சொல்வதில்லையா, அதே ஏற்பாடு. பள்ளிப் புத்தகத்தில் இதை அனிச்சைச் செயல் என்று படித்திருப்போம்.

சேதி போவது உப்பின் மேல்

நரம்பில் ஓடுவது மின்சாரம் என்று சொல்வார்கள். சரிதான், ஆனால் வீட்டுக் கம்பியில் ஓடுகிற மாதிரி அல்ல. ஒவ்வொரு நரம்பு செல்லுக்கும் நீண்ட வால் போல ஓர் இழை உண்டு. அந்த இழைக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். சோடியம் என்பது வேறொன்றுமல்ல, நாம் விற்கிற சமையல் உப்பில் பாதி. உள்ளுக்கும் வெளிக்கும் இடையே 70 மில்லிவோல்ட் வித்தியாசம் இருக்கிறது. டார்ச் விளக்குக் கட்டையில் இருப்பதில் சுமார் 20ல் ஒரு பங்கு. சேதி வரும்போது இழையின் சுவரில் இருக்கும் மிகச் சிறிய வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய்கிறது. பக்கத்து வாயில் திறக்கிறது, அதற்குப் பக்கத்து வாயில் திறக்கிறது. இப்படியே சேதி இழையின் கடைசி வரை ஓடுகிறது. பிறகு உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளும் வேலை. 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே என்று ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். மூளையின் செலவில் பெரும்பகுதி இந்தப் பண்டமாற்றுக்கே போகிறது. இந்த விவரத்தை இங்கிலாந்தின் ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இருவர், கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை வைத்து ஆராய்ந்து 1952ல் வெளியிட்டார்கள். 1963ல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து உடம்பில் உப்புச் சத்து மிகவும் குறைந்து போன வயதானவர்கள் திடீரென்று ஆளை அடையாளம் தெரியாமல் உளறுவதைப் பார்த்திருப்போம். சோடியம் குறைந்தால் மூளை செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்குவதே முக்கியக் காரணம். அதற்காக அள்ளிப் போட்டுச் சாப்பிடவும் கூடாது. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். நம் வீடுகளில் அதைப் போல இரண்டு மடங்கு சேர்க்கிறோம். ரத்த அழுத்தம் ஏறி, மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ பக்கவாதம் வருவதற்கு இது ஒரு வழி. மூளையின் இடப்பக்கம் உடம்பின் வலப்பக்கத்தையும், வலப்பக்கம் இடப்பக்கத்தையும் ஆள்கிறது. ஆகவே இடது மூளையில் அடைப்பு என்றால் வலது கை கால் விழும். பெரும்பாலும் பேச்சும் போகும். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு வாய் கோணினாலோ, கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, படுக்க வைத்து விபூதி பூசிக் கொண்டிருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். 1949ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், 1950ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தியும் தொடங்கி வைத்த பிறகுதான் நம் மாநிலத்தில் மூளை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு வந்தது. இன்று கோவையிலேயே அந்த வசதி இருக்கிறது.

கேசரிப் பருப்பு

நரம்பிழையின் நீளத்தைப் பற்றிச் சொன்னோம். மூளையில் புறப்பட்டுத் தண்டுவடத்தின் அடிவரை இறங்கிக் கால்களுக்கு உத்தரவு கொண்டு போகும் இழைகள் இரண்டடிக்கு மேல் நீளம் உள்ளவை. ஒரே செல்லின் ஒரே இழை! இவ்வளவு நீளமானதைக் காப்பது கடினம். விஷம் வந்தால் முதலில் அடிபடுவதும் இவைதான்.

துவரம்பருப்போடும் கடலை மாவோடும் கலக்கப்படும் கேசரிப் பருப்பு இந்த இழைகளைத்தான் அழிக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரேவா, சத்னா பக்கங்களில் ஒரு காலத்தில் பண்ணையாட்களுக்குக் கூலியாகவே இதை அளந்தார்கள். மழை பொய்த்தாலும் விளையக்கூடிய பயிர் அது. அதையே முக்கிய உணவாக இரண்டு மூன்று மாதம் தின்றவர்களுக்குக் கால்கள் விறைத்து, ஒன்றின் மேல் ஒன்று கத்தரி போலப் பின்னிக் கொண்டன. கோல் இல்லாமல் நடக்க முடியாது. முற்றினால் தவழ வேண்டியதுதான். கை நன்றாக இருக்கும், புத்தி நன்றாக இருக்கும், உணர்ச்சியும் இருக்கும். கால் மட்டும் போய்விடும். பெரும்பாலும் உழைக்கிற வயதில் இருந்த ஆண்களே இதற்கு ஆளானார்கள். 1964ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராவ், அடிகா, சர்மா ஆகியோர் அந்த விஷப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு செல்களைத் தூண்டுவதற்கென்று உடம்பிலேயே ஊறும் குளூட்டமேட் என்ற பொருளின் சாயலில் அது இருக்கிறது. ஆகவே நரம்பு செல் அதை நம்பி, ஓய்வில்லாமல் வேலை செய்து, களைத்துச் செத்துப் போகிறது.

செத்த நரம்பு செல் திரும்ப முளைக்காது. தோல் கிழிந்தால் வளரும், எலும்பு முறிந்தால் கூடும். மூளையிலும் தண்டுவடத்திலும் அந்தச் சலுகை இல்லை.

கேசரிப் பருப்பு விற்பனைக்கு 1961ல் தடை வந்தது. இப்போதுள்ள உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலும் அது இருக்கிறது. தெரிந்து கொள்வதும் கடினமில்லை. துவரை உருண்டை, கேசரி ஒரு பக்கம் சாய்வாக வெட்டிய ஆப்பு போலச் சதுரித்து இருக்கும். சல்லடையில் ஒரு கை அள்ளிப் பரப்பினால் பழகிய கண்ணுக்குத் தப்பாது. சந்தேகம் இருந்தால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுக் கால் மணி நேரம் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் காட்டும். மாவாக அரைத்தபின் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை. எனவே கடலை மாவைத் தெரியாத ஆலையிலிருந்து, விலை குறைவு என்பதற்காக வாங்குவதை நாம் ஆதரிப்பதில்லை.

வாளையாறுக்கு அப்பால், 1958ல்

ஒரு நரம்பு செல்லின் இழை அடுத்த செல்லைத் தொடுவதில்லை; தசையையும் தொடுவதில்லை. நடுவே மிக மிகச் சிறிய இடைவெளி. இதை நரம்புச் சந்திப்பு என்கிறார்கள். மின்சாரம் அதோடு நின்று விடுகிறது. இழையின் நுனியில் சிறு சிறு பைகளில் கட்டி வைத்திருக்கும் ஒரு ரசம் இடைவெளியில் கொட்டுகிறது. அது எதிர்ப்பக்கம் போய் ஒட்டினால் தசை சுருங்குகிறது. தசையை இயக்கும் ரசத்துக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். ஒருமுறை ஒட்டியது அப்படியே இருந்தால் தசை சுருங்கியபடியே நின்று விடும் அல்லவா? ஆகவே கொட்டிய ரசத்தை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உடைத்துப் போட ஒரு நொதி அங்கேயே காத்திருக்கிறது.

மண்டி வழக்கத்தில் சொல்வதானால், மூளை அனுப்புவது ஒரு சீட்டு. சீட்டைக் காட்டியதும் ஒரு மூட்டை இறங்குகிறது. இறங்கியவுடன் சீட்டைக் கிழித்துப் போடுவதற்கென்று ஒரு பையன். அந்தப் பையனின் கையை யாராவது கட்டிப் போட்டால்? அதே சீட்டுக்குத் திரும்பத் திரும்ப மூட்டை இறங்கும். வாசல் அடைத்து, ஆள் நடக்க வழியில்லாமல் போகும்.

பாரத்தியான், மாலத்தியான், மோனோகுரோட்டோபாஸ் வகைப் பூச்சி மருந்துகள் செய்வது இதைத்தான். நொதியின் கையைக் கட்டி விடுகின்றன. பூச்சிக்கும் நமக்கும் நரம்புச் சந்திப்பில் ஓடுவது ஒரே ரசம், காத்திருப்பது ஒரே வகை நொதி. பூச்சியைக் கொல்வது ஆளையும் கொல்லும், அளவுதான் வித்தியாசம். எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், சதை துடிக்கும். கடைசியில் மூச்சை இழுக்கும் தசை ஓய்ந்து போகும்.

1958ல் வாளையாறுக்கு அப்பால், கேரளத்தில் இது நடந்தது. பாரத்தியான் பூச்சி மருந்தும் உணவுச் சரக்கும் ஒன்றாகக் கப்பலில் ஏற்றி வரப்பட்டபோது மருந்து கசிந்து கோதுமையில் ஊறியது. சரக்கு வழக்கம் போல இறங்கி, வழக்கம் போலக் கைமாறி, மாவாகி வீடுகளுக்குப் போயிற்று. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தச் சரக்கைக் கைமாற்றிய வியாபாரிகளில் யாரும் கலப்படம் செய்தவர் இல்லை. எடையில் குறைத்தவரும் இல்லை. மூட்டை எதனோடு பயணம் செய்தது என்று கேட்க வேண்டும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. விசாரணைக் குழு அமைக்கப்பட்டு, பத்து வருடம் கழித்து 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. உணவுப் பொருளோடு படும்படி பூச்சி மருந்தை ஏற்றவோ வைக்கவோ கூடாது, தனி அறையிலோ பூட்டிய அலமாரியிலோ வைக்க வேண்டும் என்ற விதிகள் அதன் கீழ்தான் வந்தன.

சட்டம் வந்ததோடு தீர்ந்ததா என்றால் இல்லை. 2013 ஜூலை 16 அன்று பீகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது தடயவியல் சோதனையில் தெரிந்தது.

நம் பக்கத்துக் கிராமக் கடைகளில் ஒரே கூரையின் கீழ் மாட்டுத் தீவனம், உரம், மருந்து, மளிகை எல்லாம் இருப்பது உண்டு. விவசாயி ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வாங்க விரும்புவார் என்பது நமக்கும் தெரியும். இருந்தாலும் மருந்துக்குத் தனி அறை, தனி முறம், தனி ஆள் என்று பிரித்து விட வேண்டும். மருந்து வந்த டின்னைக் கழுவி எண்ணெய் ஊற்ற வைக்கிற சிக்கனம் வேண்டவே வேண்டாம். காலி டின்னைப் பழைய பொருள்காரருக்குப் போடுவதற்கு முன் ஓட்டை போட்டு நசுக்கி விடுங்கள். பாவம், அவர் யாருக்கு விற்பார் என்று யார் கண்டது? சரக்கு இறக்கும்போது சாக்கில் எண்ணெய்க் கறையோ, மருந்து வாடையோ தெரிந்தால், லாரியில் வேறென்ன ஏற்றி வந்தார்கள் என்று கேட்டுவிட்டே இறக்க வேண்டும். வாடகை லாரிக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

கடையில் விற்கிற கொசுவர்த்திச் சுருளும் திரவமும் இந்த வகை அல்ல. அவை முன்பு சொன்ன சோடிய வாயிலை மூட விடாமல் செய்து கொசுவைச் சாய்க்கின்றன. நம் உடம்பு அந்தச் சிறு அளவைச் சீக்கிரம் உடைத்து விடுகிறது. அதனால் ஆபத்து குறைவு. ஆனாலும் அவற்றை ரொட்டி, பிஸ்கட் அடுக்கும் தட்டில் வைக்க வேண்டிய அவசியம் என்ன?

மஞ்சளின் நிறம்

இது நம் ஊர்ப் பொருள். ஈரோடு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரலி, கிழங்கு என்று பிரித்து, வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் போட்டுச் சுற்றி மெருகேற்றி ஏலத்துக்கு வருவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மெருகு ஏற்றும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

நம் நாட்டில் அல்ல, வங்காளதேசத்தில் நடந்ததைச் சொல்கிறோம். 1980களில் பெருவெள்ளம் வந்து மஞ்சள் நனைந்து நிறம் மங்கியபோது, மெருகேற்றுகிறவர்கள் லெட் குரோமேட் என்ற மஞ்சள் பொடியைத் தூவிப் பளபளப்பாக்கத் தொடங்கினார்கள். மர வண்ணத்துக்கும் பெயிண்டுக்கும் போடுகிற பொடி அது. ஈயம் கலந்தது. வெள்ளம் வடிந்த பிறகும் வழக்கம் வடியவில்லை; வாங்குகிறவர்கள் அந்த நிறத்துக்குப் பழகி விட்டார்கள். மங்கிய நல்ல மஞ்சளை ஒதுக்கி, பளிச்சென்ற கெட்ட மஞ்சளைக் கேட்டு வாங்கினார்கள். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று ஆராயப் போனவர்கள் கடைசியில் மஞ்சள் டப்பாவில் வந்து நின்றார்கள்.

ஈயம் நரம்பில் என்ன செய்கிறது? நரம்பிழையின் நுனியில் ரசப் பைகள் உடைந்து கொட்டுவதாகச் சொன்னோமே, அவற்றை உடைக்க உத்தரவு தருவது கால்சியம். ஈயம் கால்சியத்தின் வேஷத்தில் உள்ளே நுழைகிறது. வேண்டாத நேரத்தில் கொட்ட வைக்கும், வேண்டிய நேரத்தில் தடுக்கும். பெரியவர் வயிற்றில் போகும் ஈயத்தில் 10ல் ஒரு பங்குதான் உடம்பில் சேரும் என்றால் சின்னக் குழந்தைக்குப் பாதியளவு சேரும். குழந்தையின் மூளையோ அந்த வயதில்தான் எந்த செல்லோடு எந்த செல் சேருவது என்று ஒப்பந்தம் போட்டுக் கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் தவறான சீட்டுகள் வந்தால், போட்ட ஒப்பந்தமும் தவறாகவே போகும். காய்ச்சல் வராது, வலி வராது. பையன் படிப்பில் மந்தம், ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறான் என்பதோடு போய்விடும். மஞ்சளை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். ஈயத்தில் இதுவரை பாதுகாப்பானது என்று சொல்லும்படியான அளவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2000ல் நம் நாட்டில் பெட்ரோலிலிருந்து ஈயத்தை எடுத்தது இதற்காகத்தான்.

இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம் ஆகிய நாடுகளில் 23 நகரங்களில் வாங்கிய மஞ்சளைச் சோதித்த ஓர் ஆய்வு 2024ல் வெளிவந்தது. 14 சதவீத மாதிரிகளில் ஈயம் இருக்க வேண்டியதற்கு மேல் இருந்தது. நம் நாட்டுச் சட்டம் மஞ்சளில் 10 லட்சத்தில் 10 பங்கு வரைதான் அனுமதிக்கிறது. பாட்னா, கராச்சி, பெஷாவர் நகரங்களில் 1,000 பங்குக்கு மேலேயே கிடைத்தது.

வங்காளதேசக் கதையின் பிற்பகுதி நமக்கு மிகவும் பிடித்தது. 2019ல் அந்த அரசு மொத்த வியாபாரச் சந்தையிலேயே கையடக்கக் கருவியோடு இறங்கிச் சோதித்தது, அபராதம் போட்டது, வியாபாரிகளைக் கூப்பிட்டு விளக்கியது. அந்த ஆண்டு சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021ல் ஒன்றில் கூட இல்லை. வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தால் இது இரண்டு வருடத்தில் முடிந்திருக்காது. மொத்தக் கடையில் நின்றதால் எல்லா வீட்டிலும் நின்று போயிற்று.

நம் ஈரோட்டுச் சரக்கு இயற்கையிலேயே நல்ல நிறம் உள்ளது. அதற்குப் பூச்சு வேண்டியதில்லை. ஆனால் வெளி மாநிலச் சரக்கும் இங்கே வருகிறது. கண்ணாடிக் கிளாஸ் தண்ணீரில் ஒரு விரலி மஞ்சளைப் போட்டுப் பாருங்கள். நல்லது உடனே நிறம் விடாது. போட்டதுமே தண்ணீர் மஞ்சளாக ஓடினால் வேறு ஏதோ பூசியிருக்கிறது என்று அர்த்தம்; மாதிரி எடுத்து அனுப்பிச் சோதித்துக் கொள்ள வேண்டும். பொடி விற்கிறவர்கள் முழு மஞ்சளாக வாங்கி அரைப்பது மேல். நிறம் குறைவாக இருக்கிறதே என்று கேட்கும் அம்மாவுக்கு, "பூச்சு இல்லாத மஞ்சள் இப்படித்தாங்க இருக்கும்" என்று ஒரு வார்த்தை சொல்வதில் நமக்கு என்ன நஷ்டம்?

மீண்டும் உப்பு: இம்முறை அயோடின்

மேலே சொன்னவை எல்லாம் சேரக்கூடாதது சேர்வதால் வருபவை. இது சேர வேண்டியது சேராததால் வருவது. கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி, அயோடினைக் கொண்டு ஒரு ரசம் தயாரிக்கிறது. கருவில் இருக்கும் குழந்தையின் நரம்பு செல்கள் பெருகி, தங்கள் இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, இழைகளின் மேல் கொழுப்பு உறை கட்டிக் கொள்வதற்கு அந்த ரசம் வேண்டும். முதல் சில மாதங்களில் குழந்தைக்கு ரசம் முழுவதும் தாயிடமிருந்துதான். தாய்க்கு அயோடின் மிகவும் குறைந்தால் குழந்தை காது கேளாமல், பேச்சு வராமல், மூளை வளராமல் பிறக்கலாம். கொஞ்சமாகக் குறைந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. பிள்ளை மந்தம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பிறகு எவ்வளவு அயோடின் கொடுத்தாலும் கட்டாமல் விட்ட கட்டடம் எழும்பாது.

1956ல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழுத்துக் கழலை குறைகிறது என்று காட்டியது. 1962ல் தேசியத் திட்டம் வந்தது. இன்று அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உண்பதற்கென்று விற்கக் கூடாது.

கணக்கு மிகச் சின்னது. கடையில் விற்கும் நேரத்தில் உப்பில் 10 லட்சத்துக்கு 15 பங்கு அயோடின் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது ஒரு கிலோவில் 15 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம். 10 கிராம் உப்பில் அது அடங்கி விடுகிறது. உப்பைக் குறைத்துச் சாப்பிடுகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவு சரியாக உள்ள உப்பு இன்னும் முக்கியம்.

2018-19ல் நாடு முழுவதும் வீடுகளில் உப்பை எடுத்துச் சோதித்தார்கள். போதிய அயோடின் உள்ள உப்பு 100 வீட்டில் 76 வீட்டில் இருந்தது. தமிழ்நாட்டில் 62 வீட்டில்தான். எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம் நமக்கு. தூத்துக்குடியை வைத்துக்கொண்டு, நாட்டிலேயே உப்பு அதிகம் விளைவிக்கும் மாநிலங்களில் ஒன்றாக இருந்துகொண்டு இந்த நிலை! கடற்கரை மாநிலத்துக்கு அயோடின் எதற்கு, மீன் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். மீன் தினமும் சாப்பிடுகிற வீடு கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் எத்தனை?

காரணம் நம் கடை வாசலிலும் இருக்கிறது. கல் உப்பு மூட்டையைத் திண்ணையில் வெயிலிலும் மழைச் சாரலிலும் போட்டு வைக்கிறோம். ஈரம் இறங்க இறங்க அயோடினும் கூடவே இறங்குகிறது. அடுத்தது, சாயப்பட்டறைக்கும் தோல் பதனிடுவதற்கும் கால்நடைக்கும் என்று விலை குறைவாக வரும் அயோடின் இல்லாத உப்பு. திருப்பூர்ப் பக்கம் அது லாரி லாரியாக வருகிறது; அதன் வேலைக்கு அது சரியான சரக்கு. அதிலிருந்து இரண்டு மூட்டை பலசரக்குக் கடைக்குத் திரும்பி வருவதுதான் தவறு. வாங்குகிறவர் பெரும்பாலும் கூலி வீட்டுப் பெண்கள்; கிலோவுக்கு ஐந்து ரூபாய் மிச்சம் பார்ப்பவர்கள். அவர்கள் வீட்டுக் குழந்தைக்குத்தான் மற்ற சத்தும் குறைவு.

கல் உப்பிலும் அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. கல் உப்பு கேட்பவருக்கு அதையே கொடுக்கலாம். மூட்டையைப் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, நிழலில் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் தள்ளி விட வேண்டும். சோதனைத் திரவம் சிறு புட்டியில் கிடைக்கிறது. ஒரு சொட்டு விட்டால் அயோடின் உள்ள உப்பு நீலம் காட்டும். சங்க அலுவலகத்தில் ஒன்று வாங்கி வைக்கும்படி செயலாளரிடம் கேட்டுக் கொண்டிருக்கிறோம். உறுப்பினர்கள் தங்கள் உப்பு, பருப்பு, மஞ்சள் மாதிரிகளை ஒரு கைப்பிடி அளவு, கொள்முதல் பில்லோடு கொண்டு வரலாம். 2022 முதல் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிம எண் போட வேண்டும் என்பதால், எண் இல்லாத பில்லோடு வந்த சரக்கை முதலில் சோதித்துக் கொள்வது நல்லது.